விளையாட்டுக் கணினி: வாங்கப் புகுமுன் ஒரு சொல்

இப்பகுதியில் நாம் இதுகாறும் வாடகை ஒப்பந்தம், பள்ளிச் சேர்க்கை, விடுமுறைக் காலத்தில் இரயிலில் இடம் பெறுதல் முதலிய பொருள்களைப் பற்றியே எழுதி வந்துள்ளோம். விளையாட்டுக்கென்று ஒரு கணினி வாங்குவதைப் பற்றியும் எழுத நேரும் என நாம் எண்ணியதில்லை. ஆயினும், அண்மையில் நம் சங்கத்து இல்லங்கள் சிலவற்றிலிருந்து இவ்வினா நம்மை வந்தடைந்த வண்ணம் இருக்கிறது. பிள்ளைகள் கேட்கின்றனர், பெற்றோர் தயங்குகின்றனர், கைப்பொருளோ அளவானது. பெற்றோர்க்குப் பொருள் விளங்காமையால் ஐயம் மிகுகின்றது. பிள்ளைகட்கு விலை விளங்காமையால் ஆசை மிகுகின்றது. இவ்விரு சாராருக்கும் பயன்படுமாறு நாம் அறிந்தவற்றைச் சொல்லுதல் கடமையெனக் கொண்டோம்.

மயூர் விகாரில் வாழும் நண்பர் ஒருவர், நெல்லைச் சீமையினர், ஒரு நிறுவனத்தில் கணக்கர். ஈராண்டுகளுக்கு முன் மாற்றலாகித் தலைநகருக்கு வந்தவர். அவர்தம் மைந்தனுக்கு வயது பதினாறு. வந்த புதிதில் இந்தி பேச நா எழாமையால் பள்ளியில் ஒதுங்கியே இருந்தான். ஆனால் மாலையில் அவனுக்கு வேறோர் உலகம் உண்டு. பாளையங்கோட்டையில் உடன் படித்த தோழர் நால்வரும் இவனும் இணைய வழியே ஒன்றுகூடி விளையாடுவர். தந்தையின் பழைய மடிக்கணினியோ அரைமணி நேரம் ஆடுமுன் கொதித்து அணைந்து விடும். எனவே தனக்கென ஒரு கணினி வேண்டுமென்று அவன் ஓராண்டாகக் கேட்டு வந்தான்.

ஒரு ஞாயிறன்று நண்பர் நம் இல்லத்திற்கு வந்தார். "அண்ணாச்சி, சீட்டுப் பணம் அறுபதாயிரம் கைக்கு வருகிறது. அதை வைத்துக்கொண்டு கோயில் கொடைக்கு நாங்கள் நாலு பேரும் ஊருக்குப் போய் வரலாம் என்றிருந்தோம். ஊரைப் பார்த்து இரண்டு வருஷமாகிறது. பையன் கணினி என்கிறான். ஒன்றைச் செய்தால் மற்றொன்று இல்லை. கடைக்காரர் ஒருவர் எழுபதாயிரத்துக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதில் ஓர் எழுத்தும் எனக்குப் புரியவில்லை. நீங்கள்தாம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்" என்றார்.

அப்பட்டியலை வாங்கிப் பார்த்தபோது நமக்கு நம் பழைய பிழையே நினைவிற்கு வந்தது. அதனை மறையாது சொல்லுவோம்.

2018-ஆம் ஆண்டில் நம் மகனுக்கு இத்தகைய கணினி ஒன்று வாங்கினோம். கண்ணாடிப் பெட்டியும், அதனுள் சுழலும் வண்ண விளக்குகளும் கண்டு மயங்கினோம். "பெட்டியோடு பவர் சப்ளை இலவசம்" என்றார் கடைக்காரர், மகிழ்ந்தோம். பெயர் பெற்ற கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் சந்தை விலையினும் மூவாயிரம் ரூபாய் குறைத்துத் தந்தார், அதற்கும் மகிழ்ந்தோம். இரசீதின்றி வாங்கினால் வரியும் குறையும் என்றார், அதற்கும் உடன்பட்டோம். அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில், வெப்பம் மிகுந்த ஒரு பிற்பகலில், அந்த இலவசப் பவர் சப்ளை வெடித்தது. அது தான் மட்டும் போகவில்லை. மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் உடன் கொண்டு போயிற்று. அந்த டிஸ்க்கில்தான் நம் அன்னையார் பேரப்பிள்ளைகட்குக் கதை சொன்ன ஒலிப்பதிவுகள் இருந்தன. அன்னையார் அதற்குள் காலமாகிவிட்டார். வேறு படி எடுத்து வைத்திலோம். பின்னர் ஆராய்ந்தபோது அந்தக் கார்டும் போலியென்று தெரிந்தது. பழைய காலத்துச் சில்லு ஒன்றற்குப் புதிய பெயர் சூட்டி விற்றிருந்தனர். இரசீது இல்லாமையால் யாரிடமும் முறையிட வழியில்லை. எஞ்சியது மானிட்டர் ஒன்றே.

ஆதலின் ஈண்டு நாம் கூறுவன பட்டறிந்து கூறுவனவாம்.

முதற்கண், கடைக்குச் செல்லுமுன் வீட்டிலிருந்தே விடை காண வேண்டிய வினா ஒன்றுண்டு. எந்த விளையாட்டை எந்தத் திரையில் ஆடப் போகிறோம்? இதற்கு விடை காணாமல் உறுப்புகளைத் தேடுவது, பெண்ணின் அளவு தெரியாமல் இரவிக்கை தைப்பதை ஒக்கும். விளையாட்டுகளில் எளியனவும் உண்டு. பெரும் பளுவுடையனவும் உண்டு. மைன்கிராப்ட், வாலரன்ட், கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2 போன்றவை எளிய கணினியிலும் ஆடத்தக்கவை. 2020-இல் வெளிவந்த சைபர்பங்க் 2077 போன்றவையோ வலிய கிராபிக்ஸ் கார்டு இன்றி அசையா.

திரையைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. கிடையாக 1,920, நெடுக 1,080 எனப் புள்ளிகள் அமைந்த திரையில் மொத்தம் ஏறத்தாழ 20.7 இலட்சம் புள்ளிகள் உள்ளன. 1,440 வகைத் திரையில் அவை 36.9 இலட்சம். 4கே எனப்படும் திரையிலோ 82.9 இலட்சம். நொடிக்கு 60 படங்கள் காட்ட வேண்டுமாயின், முதல் வகைத் திரைக்கே நொடிதோறும் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளைத் தீட்டியாக வேண்டும். திரை பெரிதானால் இப்பளு நான்கு மடங்காகும். முதற் கணினிக்கு 1,080 வகைத் திரையே போதும் என்பதற்கு இதனினும் வேறு காரணம் வேண்டா.

மடிக்கணினி வாங்கலாகாதா என்று சிலர் கேட்பர். அடிக்கடி ஊர் மாறும் குடும்பத்திற்கும், விடுதியில் தங்கும் மாணவர்க்கும் அதுவே தக்கது. ஆனால் ஒரே விலையில் மேசைக் கணினியே மிகுந்த ஆற்றல் தரும். உறுப்பு ஒன்று பழுதானால் அதனை மட்டும் மாற்றலாம். பின்னர்ப் பொருள் சேர்ந்தபோது ஒவ்வோர் உறுப்பாக உயர்த்தலாம். கையில் உள்ள பொருளுக்கேற்பச் சிறுகச் சிறுகக் கட்டும் வீடு போன்றது அது.

இனி உறுப்புகளைக் காண்போம்.

விளையாட்டைப் பொறுத்தவரை தலையாய உறுப்பு கிராபிக்ஸ் கார்டு. திரையில் புள்ளிகளைத் தீட்டும் வேலை இதனுடையது. இன்று புதிதாக வாங்குவோர் 8 ஜி.பி. நினைவகமேனும் உள்ள கார்டைத் தேடுதல் நன்று. 2021-இல் வந்த ரேடியான் ஆர்.எக்ஸ். 6600 இவ்வகையில் எளியோர்க்கு ஏற்ற ஒன்று. இங்கே ஒரு பொறியைக் காட்டிவிட வேண்டும். நினைவகத்தின் அளவு மட்டுமே ஆற்றல் அன்று. 2014-இல் வந்த ஜி.டி. 730 என்னும் கார்டை "4 ஜி.பி. கார்டு" என்று சொல்லி விற்பாரை இன்றும் காணலாம். பாத்திரம் பெரிதாயினும் அடுப்பு சிறிதாயின் சோறு வேகாது. அவ்வாறே ஆர்.டி.எக்ஸ். 3050 என்னும் ஒரே பெயரில் 8 ஜி.பி. உடையதும் 6 ஜி.பி. உடையதும் உள. இரண்டிற்கும் வேறுபாடு நினைவகத்தில் மட்டும் என்று எண்ணற்க. பின்னதன் உள்ளாற்றலே குறைவு. ஆகவே பெயரை மட்டுமன்றி முழு எண்ணையும் படித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது பிராசஸர். ஆறு உட்கருக்கள் கொண்டது முதற் கணினிக்குப் போதுமானது. 2022-இல் வந்த ரைசன் 5 5600 நல்ல எடுத்துக்காட்டு. நான்கு உட்கருக்கள் கொண்ட இன்டெல் ஐ3-12100எஃப் என்பதும் எளிய விளையாட்டுகளுக்கு ஏற்றதே. பெயரின் ஈற்றில் நிற்கும் எழுத்தைக் கவனிக்க. இன்டெலில் 'எஃப்' என முடிவனவற்றில் திரைக்குப் படம் அனுப்பும் பகுதி இல்லை. தனிக் கார்டு இன்றி அவை இயங்கினும் திரை இருண்டே கிடக்கும். ரைசன் 5 5600-உம் அத்தகையதே. 'ஜி' என முடியும் ரைசன் 5 5600ஜி, 8600ஜி ஆகியவற்றிலோ ஓரளவு நல்ல கிராபிக்ஸ் பகுதி உள்ளேயே அமைந்திருக்கும். பெட்டியின்றித் 'டிரே' எனக் கொடுக்கும் பிராசஸரோடு விசிறியும் வாராது. நிறுவனத்தின் நேரடி உத்தரவாதமும் வாராது. நூறு இருநூறு மிச்சப்படுத்த எண்ணி அதனை வாங்கற்க.

மதர்போர்டு பிராசஸருக்குப் பொருந்தியதாக இருத்தல் வேண்டும். ரைசன் 5600 வகைகள் ஏ.எம்.4 என்னும் பொருத்துவாயில் அமர்வன. 2022-இல் வந்த ஏ.எம்.5 வேறு, அதில் டி.டி.ஆர்.5 ரேம் மட்டுமே பொருந்தும். ஏ.எம்.5-க்கு 2027 வரையேனும் புதிய பிராசஸர்கள் தருவோம் என்று அந்நிறுவனம் அறிவித்துள்ளது. எனவே பின்னாளில் உயர்த்துவதற்கு அது வசதி. ஏ.எம்.4 வளர்ந்து முடிந்த மரம். ஆயினும் நிழல் தருவதில் குறைவில்லை. பொருள் அளவாயிருப்போர் அதனடியில் தங்கலாம்.

ரேம் 16 ஜி.பி. இருத்தல் நலம். அதனை ஒரே துண்டாக வாங்காமல் 8 ஜி.பி. துண்டுகள் இரண்டாக வாங்குக. இரண்டு வாய்க்கால்களில் நீர் பாய்வது போலத் தகவல் இரு வழியாகப் பாயும். தனிக் கார்டு இல்லாமல் 'ஜி' வகைப் பிராசஸரை வைத்து ஆடுவோர்க்கு இது இன்றியமையாதது. ஏனெனில் அதன் கிராபிக்ஸ் பகுதி தனக்கென நினைவகம் இன்றி இந்த ரேமையே பகிர்ந்து கொள்கிறது. 2025-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ரேமின் விலை திடீரென ஏறியதை வாசகர் அறிவர். செயற்கை நுண்ணறிவுக்கென எழும் பெருங்கணினிக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக் கொள்வதே அதற்குக் காரணம். ஆதலின் பழைய விலைப்பட்டியல் எதனையும் நம்பாது, வாங்கும் வாரத்தின் விலையை மூன்று கடைகளிலேனும் கேட்டறிக.

சேமிப்புக்கு 500 ஜி.பி. அளவினதாகிய என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி. ஒன்று போதும். இடம் போதாதபோது பின்னர் ஒன்று சேர்க்கலாம்.

இனி, கடைக்காரர் பட்டியலில் கடைசியிலும் விலையிலும் கடைசியாகவும் நிற்கும் பவர் சப்ளையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சுவர்ச் செருகுவாயில் வருவது 230 வோல்ட் மாறு மின்னோட்டம். கணினியின் உறுப்புகள் உண்பதோ 12 வோல்டும் அதற்குக் குறைந்ததுமான நேர் மின்னோட்டம். இடையில் நின்று மாற்றித் தருவது இது. எல்லா உறுப்புகளும் இதன் கையில் உண்கின்றன. சமையற்காரன் நஞ்சிட்டால் பந்தி முழுவதும் சாயும் அன்றோ? நல்ல பவர் சப்ளையில் மின்னழுத்தம் மிகுந்தாலும், மின்னோட்டம் மிகுந்தாலும், குறுக்கே இணைந்தாலும் தானே அணைந்துவிடும் காப்புகள் இருக்கும். பெயரற்ற மலிவுப் பொருளில் '500 வாட்' என அச்சிட்டிருக்கும். அந்த அச்சுக்கு அப்பால் ஒன்றும் இராது. '80 பிளஸ்' என்னும் முத்திரை, வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் பயன்படுகிறது என்பதையே காட்டும். அதுவே காப்பின் சான்று ஆகாது. ஆயினும் அம்முத்திரையும், ஐந்தாண்டு உத்தரவாதமும், நன்கறிந்த நிறுவனத்தின் பெயரும் ஒருசேர இருப்பின் நம்பலாம். நாம் மேலே சொன்ன உறுப்புகளுக்கு 550 வாட் தாராளம். யானை வாங்கியவன் அங்குசத்திற்கு அழலாகாது.

பெட்டியை, அதாவது கேபினெட்டை, விளக்குக்காக வாங்காமல் காற்றுக்காக வாங்குக. முகப்பு முழுவதும் கண்ணாடியாயின் காற்று புகாது. முன்புறம் வலையும், கழற்றிக் கழுவத்தக்க தூசித் தடுப்பும் உள்ளது இவ்வூருக்கு ஏற்றது. தில்லிக் கோடையில் வெப்பம் 45 பாகையைத் தாண்டும் நாள்களும், புழுதிப் புயல் வீசும் மாலைகளும் உண்டென்பது நமக்குப் புதிதன்று. தண்ணீர் ஊற்றி ஓடும் கூலருக்கு எதிரே கணினியை வைத்தல் ஆகாது. அதன் ஈரக் காற்று உறுப்புகளை அரிக்கும்.

பொருளை எவ்வாறு பங்கிடுவது? மானிட்டர் நீங்கலாக நூறு ரூபாய் உள்ளதெனக் கொள்க. கிராபிக்ஸ் கார்டுக்கு 33, பிராசஸருக்கு 18, ரேமுக்கு 16, மதர்போர்டுக்கு 11, எஸ்.எஸ்.டி.க்கு 9, பவர் சப்ளைக்கு 7, கேபினெட்டுக்கு 6 என்பது நாம் கண்ட பங்கீடு. ரேம் விலை இறங்கினால் மிச்சத்தைக் கார்டுக்குத் தருக. ஏறினால் கேபினெட்டில் குறைக்க. எக்காரணத்தாலும் பவர் சப்ளையில் கை வையற்க. நண்பர் கொண்டுவந்த பட்டியலில் விளக்குகள் பதித்த பெட்டிக்கும் விசிறிகளுக்கும் ஒன்பதாயிரம் எழுதியிருந்தது; பவர் சப்ளைக்கு ஆயிரத்து இருநூறு!

பட்டியலில் இடம் பெறாத செலவுகளும் உண்டு. விண்டோஸ் உரிமம் ஒன்று. நடைபாதையில் கூவி விற்கும் திருட்டுப் படியை வீட்டுக்குள் விடற்க. அதனோடு என்ன வரும் என்பதை யாரும் அறியார். விளையாட்டு எதுவென்று முன்னரே தெளிந்திருந்தால் இங்கும் மிச்சம் உண்டு. லினக்ஸ் என்பது விலையின்றிக் கிடைப்பது. மைன்கிராப்டின் ஜாவா வகையும், கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2-உம் அதிலேயே ஆடத்தக்கவை. வாலரன்ட் ஆடுவோர்க்கு மட்டும் விண்டோஸ் இன்றி வழியில்லை. மற்றொரு செலவு யு.பி.எஸ். 600 வி.ஏ. எனப்படுவது பொதுவாக 360 வாட் வரையே தாங்கும். மின்சாரம் நின்றபின் விளையாடுவதற்கு அன்று, முறையாக அணைப்பதற்கே அது.

யாவற்றினும் மேலாக, எர்த் எனப்படும் நில இணைப்பைச் சோதிக்க வேண்டும். நம்மில் பலர் மாடி அறைகளில் வாடகைக்கு இருக்கிறோம். செருகுவாயில் மூன்று துளைகள் இருக்கும். மூன்றாவது துளைக்குப் பின்னே கம்பியே இராது. அப்படியாயின் கணினிப் பெட்டியைத் தொடும்போது சுருக்கென்று உறைக்கும். அதனைச் சிறிதென்று எண்ணற்க. உறுப்புகளுக்கும் கேடு, உள்ளே பழுது நேர்ந்தால் தொடுபவர் உயிருக்கும் கேடு. எலெக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்த பின்னரே கணினியை இணைக்க.

இவை யாவும் எடுத்துரைத்தபின், நண்பரையும் அவர்தம் மைந்தனையும் ஒருங்கு இருத்தி, அவர்கள்முன் உள்ள இரண்டு வழிகளையும் தாளில் எழுதிக் காட்டினோம்.

முதல் வழி: அறுபதாயிரத்தையும் இப்போதே செலவிட்டு, கார்டுடன் கூடிய முழுக் கணினி வாங்குவது. எல்லா விளையாட்டுகளும் ஆடலாம். ஊர்ப் பயணம் இல்லை.

இரண்டாம் வழி: கார்டின் பங்காகிய இருபதாயிரத்தை நிறுத்தி வைத்து, 'ஜி' வகைப் பிராசஸருடன் நாற்பதாயிரத்தில் தொடங்குவது. பவர் சப்ளையை மட்டும் பின்னர் வரப்போகும் கார்டுக்கும் போதுமானதாக இப்போதே வாங்கி விடுவது. எளிய விளையாட்டுகளைக் காட்சி நயம் குறைத்து வைத்து ஆடலாம். பெரிய விளையாட்டுகளுக்குக் காத்திருக்க வேண்டும்.

இரண்டாம் வழியில் உள்ள குறையையும் மறைத்திலோம். 5600ஜி என்பது 5600-ஐவிட உள் நினைவகம் பாதியளவே கொண்டது. கார்டுடன் தகவல் பரிமாறும் வழியும் ஒரு தலைமுறை பழையது. ஆகவே இரண்டு மூன்று திங்களில் கார்டு வாங்குவது உறுதியாயின் 5600-க்குக் காத்திருப்பதே அறிவுடைமை. எப்போது வாங்குவோம் என்பது தெரியாதாயின் 5600ஜி-யே தக்கது.

பையன் தாளை நெடுநேரம் பார்த்தான். "மாமா, நாங்கள் ஐந்து பேரும் ஆடுவது கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்கும் மைன்கிராப்டும்தான். அதற்கு இந்தக் கார்டு இல்லாமல் முடியுமா?" என்றான். "நயம் குறையும், தம்பி, ஆட்டம் நிற்காது" என்றோம். "அப்படியானால் கார்டு பிறகு பார்த்துக் கொள்ளலாம். கொடைக்குப் போனால் அவர்களை நேரிலேயே பார்க்கலாமே" என்றான். நண்பர் ஒன்றும் பேசாமல் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டார். மானிட்டருக்கு அவர்கள் செலவிட வேண்டியிருக்கவில்லை. நம் பழைய கணினியில் எஞ்சிய 1,080 வகை மானிட்டர் பரண்மேல் சும்மா கிடந்தது. அதனைத் துடைத்துக் கொடுத்தோம்.

மறுவாரம் மூவரும் நேரு பிளேஸ் சென்றோம். மும்பைவாழ் அன்பர்க்கு லேமிங்டன் சாலையும், பெங்களூரார்க்கு எஸ்.பி. சாலையும், கல்கத்தாவினர்க்குச் சாந்தினி சௌக்கும், சென்னை செல்வோர்க்கு ரிச்சி தெருவும் எவ்வாறோ, அவ்வாறே நமக்கு நேரு பிளேஸ். மெட்ரோவை விட்டு இறங்கியதும் தரகர் சூழ்வர். அவர் பின்னே செல்லற்க. கடைக்குக் கடை கேட்டு, விலையைத் தாளில் குறித்து, ஒரு சுற்றுச் சுற்றிய பின்னரே பேரம் தொடங்குக.

கடைக்காரர் "கச்சா பில்லா, பக்கா பில்லா?" என்பார். கச்சா எனில் 18 விழுக்காடு வரி குறையும் என்று ஆசை காட்டுவார். பக்கா பில்லே வேண்டுமென்று சொல்லுக. அதில் ஒவ்வோர் உறுப்பின் முழுப் பெயரும் வரிசை எண்ணும் எழுதப்பட்டிருக்க வேண்டும். மூன்றாண்டு உத்தரவாதம் என்பது அத்தாளில்தான் உயிர் வாழ்கிறது. முத்திரை உடையாத பெட்டிகளை நம் கண்முன் திறக்கச் செய்க. பிராசஸரின் ஊசிகள் வளையாதிருக்கின்றனவா என்று பார்க்க. கடை மேசையிலேயே பூட்டி இயக்கி, ரேம் 16 ஜி.பி. முழுவதும் தெரிகிறதா என்று கண்ட பின்னரே பணம் தருக.

பழைய கார்டு வாங்க எண்ணுவோர்க்கும் ஒரு சொல். 2022 செப்டம்பரில் ஈதீரியம் என்னும் மின்பணம் தன் முறையை மாற்றியபோது, அதற்காக இரவும் பகலும் உழைத்த கார்டுகள் திரளாகச் சந்தைக்கு வந்தன. அவற்றில் நல்லனவும் உண்டு; உழைத்து ஓய்ந்தனவும் உண்டு. விற்பவர் இல்லத்தில் அரைமணி நேரம் இயக்கிப் பார்க்காமல் வாங்கற்க. ஜி.பி.யூ.-இசட் என்னும் விலையில்லா மென்பொருளைக் கொண்டு சோதித்தால் பெயர் மாற்றிய போலிகள் பலவற்றை அதுவே காட்டிக் கொடுக்கும். அது 2018-இல் நமக்குத் தெரியாமற் போயிற்று.

அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய கணினிகளும் அங்கே மலிவாகக் குவிந்திருக்கும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்டவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. மேலும் அவற்றுட் பலவற்றின் பெட்டியும் பவர் சப்ளையும் தனி அமைப்பின. பெரிய கார்டு பொருந்தாது. கணக்கு எழுதவும் கடிதம் எழுதவும் அவை உதவும், விளையாட்டுக்கு வளராது.

பூட்டும்போது நேரும் பிழைகள் சிலவே. ரேம் துண்டுகளைக் கையேட்டில் காட்டிய இரு வாய்களில் செருகுக. நான்கு வாய்களாயின் பெரும்பாலும் அவை இரண்டாவதும் நான்காவதும் ஆம். கார்டு உள்ளவர் மானிட்டர்க் கம்பியைக் கார்டிலேயே இணைக்க. மதர்போர்டில் இணைத்துவிட்டு ஆற்றல் இல்லையென்று வருந்துவார் பலர். குளிர்காலத்தில் கம்பளியாடையோடு உறுப்புகளைத் தொடற்க; முன்னர் ஓர் உலோகப் பொருளைத் தொட்டு உடலில் தேங்கிய மின்னை இறக்குக.

பெற்றோர்க்கு இறுதியாக ஒன்று. விளையாட்டு எல்லாம் சூதல்ல. 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் மின்விளையாட்டுகளுக்குப் பதக்கமே வழங்கினர். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்க 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இரண்டையும் வேறு பிரித்து அறிக. ஆயினும் பணம் கேட்காத விளையாட்டிலும், பூட்டிய பெட்டியைக் காசு கொடுத்துத் திறந்து அதிர்ஷ்டம் பார்க்கும் கவர்ச்சி நுழைந்துள்ளது. வங்கி அட்டையின் எண்ணைக் கணினியில் பதிந்து வையற்க. கணினியைக் கூடத்தில் வைக்க; நேரத்தைப் பேசி முடிவு செய்க.

நண்பர் இல்லத்தில் கணினியை இணைக்குமுன் செருகுவாயைச் சோதித்தபோது, நாம் அஞ்சியவாறே நில இணைப்பு இல்லை. வீட்டுக்காரர் முதலில் மறுத்தார். அது தம் மின் விசிறிகளுக்கும் குளிர்ப்பெட்டிக்கும் கேடென்று விளக்கியபின் இசைந்தார். அதனால் நான்கு நாள்கள் தாமதம். பையன் பொறுத்திருந்தான். ஐந்தாம் நாள் மாலை கணினி இயங்கிற்று. பாளையங்கோட்டைத் தோழர்களின் குரல்கள் கூடத்தில் ஒலித்தன. "லேய், இப்பத்தாம்ல உன் சத்தம் ஒழுங்கா கேக்கு" என்றான் ஒருவன். அடுக்களையிலிருந்த தாயார் கரண்டியோடு வந்து நின்று கேட்டார். ஊர்ப் பேச்சைக் கேட்டு நாளாயிற்று என்றார்.

திருக்குறள் விரைவு வண்டியில் நால்வர்க்கும் இடம் பதிவாகிவிட்டதாக நேற்று நண்பர் தெரிவித்தார். எஞ்சிய பணத்தில் பயணச் செலவு போக மிச்சப்படுவது கார்டுக்கென்று தனியே வைக்கப்படும். தீபாவளிப் போனஸ் அதனோடு சேரும்.

வாசகர்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் மற்றொன்றும் உண்டு. உங்கள் இல்லத்துக் கணினியில் பெரியோரின் குரலோ படமோ இருப்பின், இன்றே வேறொரு டிஸ்க்கில் படி எடுத்து வையுங்கள். நல்ல பவர் சப்ளையும் ஒருநாள் பழுதாகக் கூடியதே.

அடுத்த திங்கள் வாடகை வீடுகளின் மின்னிணைப்பு, துணை மீட்டர்க் கட்டணம் ஆகியவை பற்றி எழுதுவோம்.